நாலுக்கும் ஏழுக்கும் நடுவில்

இது நான் கண்ணால் பார்த்த கதை இல்லை. எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஹெப்சிபா டீச்சர், ஒரு தேர்வு நாளில் விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் போட்டுக்கொண்டே சொன்னது. அவருக்கு அதைச் சொன்னது அவர் தம்பி கிதியோன். ஆக இரண்டு வாய் தாண்டித்தான் என்னிடம் வந்திருக்கிறது. நடந்தது எதிலும் நான் கை வைக்கவில்லை. கிதியோனின் மனசுக்குள் ஓடியதில் பாதி அவனே பின்னால் அக்காவிடம் ஒப்புக்கொண்டது. மீதியை, அவன் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன ஓடியிருக்கும் என்று பார்த்து எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் அது என்னுடையது.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பாளையங்கோட்டையில் அப்பா வீட்டுப் பின்னறையில், கிதியோன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை எழுத்தில் ஒரு வரி, அதன் முடிவில் துடிக்கிற ஒரு கோடு. வேறு எதுவும் இல்லை. அந்தக் கோடு துடிக்கிற விதமே அவனுக்குப் பிடிக்கவில்லை. யாரோ எதிரே உட்கார்ந்து விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு, சொல்லப்போறியா இல்லையா, சொல்லப்போறியா இல்லையா, என்று கேட்பது போல இருந்தது. அந்த வரியை அவன்தான் அடித்திருந்தான். என்டர் தட்டினால், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க்குகளை இணைக்கச் செருகியிருக்கிற கார்டின் மூளை, அதாவது அதை இயக்கும் மென்பொருள், முழுசாக அழிந்துவிடும். அழிந்த பிறகு புதுசை ஏற்ற வேண்டும். அழிப்பதற்கும் ஏற்றி முடிப்பதற்கும் நடுவில் மின்சாரம் போகக் கூடாது, பெட்டியை அணைக்கக் கூடாது. அணைத்தால் கார்டு செங்கல்தான், பிறகு எந்தத் தெய்வம் வந்தாலும் எழுப்ப முடியாது. இணையத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் ஒருத்தர் விடாமல் இதைத்தான் எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டுக் கடைசியில், என்ன ஆனாலும் நான் பொறுப்பில்லை என்று இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்கள். யாருமே பொறுப்பில்லை. வழி சொல்கிறவன் பொறுப்பில்லை, கார்டை விற்றவன் பொறுப்பில்லை, ஜூன் மாத இடி பொறுப்பில்லை. அந்த இடியில்தான் பழைய கார்டு செத்தது. அதிலிருந்து நாலு ஹார்டு டிஸ்க்கும் உள்ளே குத்துக்கல்லாக இருக்கின்றன, பெட்டி அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. மதர்போர்டில் நேராகச் செருக இரண்டே இடம். நாலும் ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் உள்ளே இருப்பது திறக்கும், அவன் அப்படித்தான் அமைத்து வைத்திருந்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று. எதிலிருந்து பத்திரம்? யாரோ ஒரு கம்பெனி கழித்துப்போட்ட சர்வரிலிருந்து உருவிய இந்தக் கார்டு நேற்று மாலைதான் கூரியரில் வந்தது. அது டிஸ்க்குகளை நேராகக் காட்டாது. எல்லாவற்றையும் தன் கணக்கில் புதிதாக அடுக்கித் தருகிறேன் என்கிறது, அடுக்கினால் பழையது போச்சு. அதனால் அதன் மூளையை மாற்றியாக வேண்டும். இன்றைக்கு. இன்னொரு கார்டு வர பத்து நாள் ஆகும், திங்கட்கிழமை பத்து நாளுக்கு நிற்காது.

திங்கட்கிழமை கோர்ட்டு. ஹெப்சிபாவின் ஐந்து வயசு மகள் ஜெமிமா, வழக்கு முடிகிற வரைக்கும் யாரிடம் இருப்பாள் என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். இப்போது நாசரேத்தில் அத்தான் தனசிங் வீட்டில் இருக்கிறாள். ஹெப்சிபா பிள்ளையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, ஜூலையில் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் திரும்ப விடவில்லை. அவன் போனில் மிரட்டியது எல்லாம் ஹெப்சிபாவின் போனில் தானாகப் பதிவாகியிருந்தது, அந்தப் போனைத்தான் அவன் பிடுங்கித் துவைக்கிற கல்லில் அடித்தான். ஆனால் கிதியோன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெட்டியைக் கூட்டி வைத்தபோது வீட்டு ஆட்கள் எல்லாருடைய போனிலும் ஒரு ஆப்பைப் போட்டு வைத்திருந்தான். போனில் இருப்பதெல்லாம் தினமும் ஒரு பிரதி இங்கே வந்து சேர்ந்துவிடும். அப்போது எல்லாரும் சிரித்தார்கள். இப்போது வக்கீலம்மா கேட்கிறார். திங்கட்கிழமை காலையில் பென்டிரைவ் என் கையில் இருக்கணும் ஹெப்சிபா, இல்லைன்னா அவன் சொல்றது ஒரு பக்கம், நீ சொல்றது ஒரு பக்கம், அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டார். கிதியோன் சென்னையிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறான். வந்து இரண்டு நாள் ஆகிறது. அக்கா இதுவரை தானாக அவனிடம் பேசியது, சாப்பாடு இருக்கு, என்கிற இரண்டு வார்த்தை. அதையும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

முன்னறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. சபைப் போதகர் வந்திருந்தார். எங்கள் பக்கத்துச் சபைகளில் ஐயர் என்றுதான் சொல்வோம். அப்பா கூப்பிட்டு வந்தவர். அப்பாவுக்கு இந்த வழக்கே ஆகாது. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர், எந்த வண்டியையும் கழித்துக்கட்டச் சம்மதிக்காதவர், எதையாவது மாட்டி ஓட்டிவிடலாம் என்கிறவர். கிதியோனுக்கு ஐயரின் குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. தனசிங்கும் நம்ம சபைப் பிள்ளதானம்மா. கூப்பிட்டுப் பேசினேன். அழுதான். முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணினோம். அக்காவின் குரல் தெளிவாக வந்தது. அழுதாரா? பிள்ளையக் கொண்டுவந்து விட்டுட்டு அழச் சொல்லுங்கய்யா. வாய அடக்கு ஹெப்சி, என்றார் அப்பா. அடக்கித்தான் ஏழு வருஷம் இருந்தேன். கிதியோனுக்கு முதுகில் வியர்வை ஓடியது. மேலே மின்விசிறி சுற்றினாலும் காற்று கீழே வரவில்லை, பெட்டிக்குள் இருந்த சின்ன விசிறிகள் சூட்டை அவன் முட்டியில் கொட்டின. என்டர் தட்டு. தட்டுகிறேன். ஒரு முறை சரிபார்த்துவிட்டுத் தட்டுகிறேன். பென்டிரைவில் புது மூளையின் கோப்பு இருக்கிறதா? இருக்கிறது. பெயர் சரியா? சரி. எண் எழுதிய தாள்? சட்டைப்பையில். மூன்று முறை இதையே பார்த்தாகிவிட்டது. நாலாவது முறையும் பார்க்கிறான் என்றால் பார்ப்பது கோப்பை இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

ஏனென்றால் அந்த டிஸ்க்குகளில் அவனும் இருந்தான். மார்ச் பதினாலு, மாலை ஆறே முக்கால். சென்னையில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். அத்தான் அடித்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். அதற்கு அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கு ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது, அதுதான் கஷ்டம். மறந்திருந்தால் இன்னும் நல்லவிதமாகச் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொள்ளலாம். அவன் வீட்டில் முதன்முதலில் கல்லூரி தாண்டியவள் அக்கா, இரண்டாவது அவன். இந்த வீட்டில் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அடிபட்டுவிட்டுப் படித்த இன்னொருவனைக் கூப்பிட்டாள். அவன் சொன்னதும் அப்பா சொல்வதும் இப்போது முன்னறையில் ஐயர் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒன்றேதான், அவன் அதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னான். அந்தப் பேச்சும் பதிவாகியிருக்கும். எல்லாப் பேச்சும் பதிவாகியிருக்கும் என்று ஏற்பாடு செய்தவனே அவன்தானே. ஆகவே இந்த என்டரைத் தட்டி, இது நன்றாக ஏறி, நாலு டிஸ்க்கும் கண் திறந்தால், அவன் குரலும் திறக்கும். ஏறாவிட்டால்? கார்டு செத்துப்போச்சுக்கா. என்ன செய்ய, பழைய கார்டு, விக்கிறவன் ஏமாத்திட்டான். இந்த வரி அவன் வாயில் தயாராக இருந்தது. எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்பது வரைக்கும் தயாராக இருந்தது. எப்போது தயாரானது? காலையில் பல் தேய்க்கும்போதா? நேற்றுக் கூரியர்க்காரனிடம் கையெழுத்துப் போடும்போதா? சொல்லிப் பார்த்திருக்கிறான், தன்னை அறியாமல், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. ஜெமிமாவுக்கு அவன் தாய்மாமன். காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன். அந்தப் பிள்ளை ஒரு பக்கம், அவன் பஸ்ஸில் நின்று சொன்ன சொல் ஒரு பக்கம், அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று பார், பார்த்துக்கொள், நீ யாரென்று பார்த்துக்கொள். கோடு துடித்தது. அவனுக்கு அந்தக் கோட்டின் மேல் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில்தான் தட்டினான்.

அழிந்தது. இவ்வளவு நேரம் பயந்ததற்கு அது ஒன்றுமே செய்யவில்லை. அழிக்கிறேன், அழித்தாயிற்று, என்று இரண்டு வரி. பிறகு அவன் ஏற்றுகிற கட்டளையைக் கொடுத்தான். திரை கொஞ்சம் யோசித்துவிட்டு, கார்டின் முகவரி இல்லை, பதினாறு எழுத்தையும் கொடு, என்று கேட்டது. இது எதிர்பார்த்ததுதான். கார்டுக்குக் கார்டு ஒரு தனி எண் உண்டு, இலக்கமும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்தது. அழிக்கிறபோது அதுவும் அழியும். அதனால் கார்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதித்தான் வைத்திருந்தான். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தான். அஞ்சு, சைபர், சைபர், மூணு, எட்டு, பி, ஒண்ணு, சைபர், நாலு, ஏழு, ரெண்டு, ஏ, ஆறு, ஒண்ணு, சி. என்டர். திரை ஏற்கவில்லை. பதினாறு எழுத்து, என்றது மறுபடியும். தப்பாக அடித்துவிட்டோம் என்று இன்னொரு முறை அடித்தான். பதினாறு எழுத்து. அப்போதுதான் தாளில் விரல் வைத்து எண்ணினான். பதினைந்து. மறுபடி எண்ணினான். ஒரு ஆளின் விரல் எத்தனை முறை எண்ணினாலும் பதினைந்து பதினாறாக ஆகாது என்பது தெரிந்தும் எண்ணினான்.

காலையில் எட்டு மணிக்கு எழுதிய தாள் அது. கார்டைப் பெட்டியில் செருகுவதற்கு முன்னால் போனில் ஒரு படமும் எடுத்திருந்தான். இப்போது அவசரமாக அதைத் திறந்து பார்த்தான்: பளபளப்பான சீட்டில் டியூப் லைட் விழுந்து முதல் ஏழு எழுத்துக்குப் பிறகு எல்லாம் ஒரே வெள்ளை. நல்ல ஆள். எடுத்ததும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். கார்டின் சீட்டு இருந்த பக்கம் மின்சாரப் பெட்டியை உரசிக்கொண்டு இருந்தது, நடுவில் வயர்க் கட்டு, போன் நுழைய வழியில்லை, விரல் நுழையக்கூட வழியில்லை. கார்டைக் கழற்ற முடியாது. கழற்ற வேண்டுமென்றால் அணைக்க வேண்டும், அணைத்தால் செங்கல். ஆக, மூளையை எடுத்தாயிற்று, புதிதை வைக்கப் பெயர் கேட்கிறது, பெயர் ஒரு எழுத்து குறைகிறது. எந்த எழுத்து? எந்த இடத்தில்? அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததாலேயே வேறு எங்காவது இருக்காதா என்று தேடினான். ரெண்டு சைபர் இருக்கும் இடத்தில் மூணு சைபரோ? பி-க்குப் பின்னால் ஒண்ணு ஒண்ணா? இல்லை. அந்த எண்ணை அவன் தானாகப் பார்த்து எழுதவில்லை. எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பேனா. பீரோவில் துணி எடுக்க வந்த அக்காவிடம், கொஞ்சம் வாசிச்சுக் குடேன்க்கா, என்று கேட்டான். ஜெமிமாவுக்காக இல்லாவிட்டால் கேட்காத மாதிரியே போயிருப்பாள். கார்டை வாங்கி அப்பாவின் பைபிள் லென்சை வைத்து, ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது போல வாசித்தாள். பி, ஒண்ணு, சைபர், நாலு. அப்புறம், ஏ, என்றாள்.

ஏ, என்றால் என்ன? இதை வேறு ஊர்க்காரனிடம் விளக்கவே முடியாது. எங்கள் பக்கம் ஒரு அக்கா தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஏ, அவ்வளவுதான். தெருக்குழாயிலிருந்து ஏ, சைக்கிள் பின்னாலிருந்து ஏ, பரீட்சை அன்றைக்குக் காலை நாலரைக்குப் போர்வையை உருவிக்கொண்டு ஏ. கிதியோனுக்குத் தன் பெயரைவிட அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் தலை சீக்கிரம் திரும்பும். எட்டு மணிக்கும் திரும்பியது. பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்து, என்னக்கா, என்றான். என்ன ஒரு வேகத்தில் நிமிர்ந்தான்! அவள் லென்சிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏழு, என்றாள். ஓ, ஏழு என்று சொல்ல வந்து பாதியில் நின்றிருக்கிறாள், அல்லது கூப்பிட்டுவிட்டு மனசு மாறியிருக்கிறாள். மனசு மாறியிருக்கிறாள் என்றே வைத்துக்கொண்டான். கூப்பிடத்தான் வந்தாள், வாயில் வந்துவிட்டது, விழுங்கிவிட்டாள். அந்த ஏ-யைத் தாளில் எழுதாமல் தனக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டான். ஏழு என்று எழுதினான். இரண்டரை மணி நேரம் அந்தச் சந்தோஷத்தில் தான் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அப்படியானால் நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு ஏ. அதை அடித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே? ஆனால் அது நிஜமாகவே அவனைக் கூப்பிட்டதாக இருந்தால்? அப்போது குறைகிற எழுத்து வேறு எங்கோ, இவன் தப்பான பெயரை எழுதிவிடுவான், தப்பான பெயரோடு கார்டு எழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அல்லது எழுதியதை அவன் படிக்கவில்லை. ரெண்டுக்கு அப்புறம் வந்த ஏ எழுத்து என்றால் இது மட்டும் ஏன் எழுத்து இல்லை? இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொன்னாளா? முதல் ஏ-யில் கொஞ்சம் இழுப்பு இருந்ததே. இருந்ததா? இவனாக இழுத்துக்கொண்டானா? கேட்க வேண்டும். அவளிடம் போய், நீ என்னைக் கூப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்க இன்னொரு வழியும் உண்டு. கார்டு செத்துப்போச்சுக்கா. இப்போது அது பொய்கூட இல்லை, முக்கால் உண்மை. இருந்த இடத்திலிருந்து அசையாமல் கையை நீட்டினால் சுவிட்ச் எட்டும்.

கதவில் நிழல் விழுந்தது. அப்பா. ஒரு கை நிலையில், இன்னொரு கை சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது எதையாவது அணைக்காமல் போகத் தெரியாத கை.

"ஏல, அத அமத்திட்டு வெளிய வா. ஐயரு எவ்வளவு நேரமா இருக்காரு, மூஞ்சியக்கூட காட்டாம உள்ள என்னத்த நோண்டிக்கிட்டு இருக்க?"

"அப்பா, சுவிட்ச்ல கை வைக்காதீங்க."

"என்னல?"

"கை வைக்காதீங்கன்னு சொன்னேன்." தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவன் நினைக்கவில்லை. "இப்ப அமத்தினா எல்லாம் போயிரும். ஜெமிமா போயிருவா."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்திரிச்சு நிக்கவே தெம்பில்ல, அப்பன மிரட்டுத." ஆனால் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சீக்கிரம் வா," என்று போனார்.

சொல்லியாகிவிட்டது. அமத்தினால் ஜெமிமா போய்விடுவாள் என்று அவன் வாயே சொல்லிவிட்டது, இனி அவனே அமத்த முடியாது. பெட்டியை விட்டு எழுந்து போகவும் பயம், அந்தக் கை திரும்பி வரலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டான். அக்கா. முன்னறையில் ஐயர் ஏதோ வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா! வசனம் நின்றது. அவள் அவனுக்குப் பதில் சொல்வதில்லை என்பது ஐயருக்கும் இப்போது தெரிந்திருக்கும். மூன்றாவது முறை கூப்பிட வாயைத் திறந்தான். அவள் வந்தாள். கதவுக்கு உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள்.

"காலைல நம்பர் வாசிச்சேல்லா. நாலுக்கு அப்புறம் ஏ-ன்னு சொன்ன. அது எழுத்தா, இல்ல..."

அவள் காத்திருந்தாள். உதவி செய்கிற மாதிரி இல்லை.

"இல்ல என்னக் கூப்பிட்டியா?"

ஹெப்சிபா டீச்சர் என்னிடம் இந்த இடத்தைச் சொல்லும்போது நூலை விரலில் சுற்றினார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கணும் பாருங்க டீச்சர், வரல, என்றார்.

"நான் எதுக்கு உன்னக் கூப்பிடணும்?"

"இல்ல, சும்மா..."

"மார்ச் பதினாலுக்கு அப்புறம் உன்ன நான் ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கேனா? யோசிச்சுச் சொல்லு. தப்பாச் சொல்லிறாத, உன் மெஷினுக்குத் தப்பு ஆகாதுல்லா."

அவன் நிஜமாகவே யோசித்தான். ஈஸ்டருக்கு வந்தபோது. ஜூலையில் பிள்ளையைக் கொண்டுபோன அன்றைக்கு, அப்போதுகூட அப்பாதான் போன் செய்தார். முந்தாநாள், நேற்று, இன்று. "இல்ல," என்றான்.

"அப்ப அது எழுத்து. போடு."

போட்டான். நாலு, ஏ, ஏழு. பதினாறு. சி-யை இரண்டு முறை அடித்து ஒன்றை அழித்தான். என்டர். திரை பேசாமல் இருந்தது. இருபது விநாடி இருக்கலாம், அந்த இருபது விநாடியில் அவன் சுவிட்ச் பலகையையும் கதவையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தான், அவள் கால் விரல் ஒன்று தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு வரி வரியாக ஏறியது. சரிபார்க்கிறேன். சரி. முடிந்தது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டான், இந்த அணைப்புக்கு இனிப் பயமில்லை என்றாலும் அணைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு டிஸ்க்கும் வந்தன. நாலு மாதம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தன. அக்காவின் போன் என்று அவன் பெயர் வைத்திருந்த இடத்தைத் திறந்தான், தேதியும் நேரமும் பெயராக, ஒன்றன்கீழ் ஒன்றாக. வக்கீலம்மாவுக்கான பென்டிரைவைச் செருகினான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான். அவன் கை அதற்குப் பிறகு செய்ததை அவன் அக்காவிடம் மறைக்கவில்லை, அதனால் நானும் மறைக்கவில்லை: மார்ச் பதினாலின் மேல் மட்டும் போய் ஒரு தட்டுத் தட்டி அதை விலக்கியது.

"எத்தனை?" என்றாள் அக்கா. கையில் ஒரு நோட்டு. வக்கீலம்மா சொன்னபடி தேதி வாரியாக எழுதி, எண்ணியும் வைத்திருந்தாள்.

"அறுபத்திரண்டு."

"மூணு. மார்ச் பதினாலு ஆறே முக்காலுக்கு ஒண்ணு இருக்கும்."

"அது அத்தான் இல்லக்கா. நாம பேசினது."

"தெரியும்."

"அது எதுக்கு வக்கீலம்மாவுக்கு?"

"அடிபட்ட அன்னைக்கே நான் ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன்னு காட்ட அது ஒண்ணுதான் இருக்கு. ஆறு மாசம் கழிச்சுக் கட்டின கதைன்னு அவங்க வக்கீல் சொல்லுதாரு. எடு. எடுத்து, ஓடுதான்னும் பாரு. பாதிக் கோப்பு கெட்டுப்போயிருக்கும்னு நீதான சொன்ன."

ஒலியைக் குறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியபோது அது ஓட ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸின் உறுமல், யாரோ சில்லறை கேட்கிற சத்தம், அதற்கு மேல் அக்காவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு: ஏ. அப்புறம் ஒரு இடைவெளி. ஏ, அவரு என்ன அடிச்சுட்டாரு. அவன் குரல் வந்தது. இந்த அறையில், இந்தச் சூட்டில், கல்லூரி முடித்த நல்ல குரல், அமைதியான குரல். நீ ஏதாவது பேசியிருப்ப. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போக்கா. அப்பாவுக்கு ஏற்கெனவே பிரஷரு. நான் பஸ்ல இருக்கேன், வைக்கேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது அவனுக்குக் கேட்டது. அக்கா நோட்டில் ஒரு டிக் போட்டாள். ஓடுது, என்றாள். அடுத்ததப் பாரு. கிதியோன் அடுத்ததைப் பார்த்தான். அறுபத்து மூன்றையும் பார்த்து முடிக்க மணி இரண்டு ஆனது. ஐயர் எப்போது போனார் என்று தெரியவில்லை, சாயா டம்ளர் ஈ மொய்த்துக்கொண்டு இருந்தது.

திங்கட்கிழமை வக்கீலம்மா அறுபத்து மூன்றில் ஏழை எடுத்துக்கொண்டார். முதலாவது மார்ச் பதினாலு. அது உள்ளே ஓடியபோது கிதியோன் வராந்தா பெஞ்சில் தனசிங்குக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தான். வழக்கு முடிகிற வரை பிள்ளை தாயிடம் என்று உத்தரவாயிற்று. ஜெமிமா இப்போது எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, வாய் ஓயாது. கிதியோன் மாதம் ஒருமுறை வருகிறான். அக்கா அவனோடு பேசுகிறார். கூப்பிடுவதில்லை.

எனக்கு அந்தப் பதினாறு எழுத்து உறுத்திக்கொண்டே இருந்தது. சர்வர் பராமரிக்கும் வேலையில் இருக்கிற என் வகுப்புத் தோழனிடம் கேட்டேன், அவன் சொன்னதை நம்பாமல் நானும் தேடிப் படித்தேன். ஒரு பெட்டியில் அப்படி ஒரே ஒரு கார்டுதான் என்றால், எண் முதுகில் ஒட்டியிருப்பதுபோலவே இருக்க வேண்டிய அவசியமில்லை. பதினாறு இருந்தால் போதும். அக்காவிடம் கேட்காமல், அந்த இடத்தில் ஏ-க்குப் பதில் ஒரு சைபரைப் போட்டிருந்தாலும் நாலு டிஸ்க்கும் வந்திருக்கும்.